டொல்பின் வானுக்கு ஒரு பழைய ஷட்டர் மெஷின்

புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாலத்தில் வைத்துத்தான் என்னுடைய வான் வண்டியின் டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி விழுந்தது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற ஆட்களைக் குறிகட்டுவான் படகுத் துறையில் இறக்கிவிட வேண்டும். வானுக்குள் பதினொரு பேர். ஐப்பசிக் கடைசி, வாடைக்காற்று தொடங்கியிருந்தது, இரண்டு பக்கமும் கடல். தூறல் விழுகிறதே என்று கைபிடியைச் சுற்றினேன். கண்ணாடி முக்கால்வாசி ஏறியது, 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு கைபிடி சும்மா சுற்றியது. கண்ணாடி அவசரப்படாமல் இறங்கிக் கதவுக்குள் மறைந்துவிட்டது. துறைக்குப் போய்ச் சேர என்னுடைய வலக்கைச் சட்டை முழுக்க உப்புத் தண்ணி.

பின்னுக்கிருந்த அம்மா ஒருவர், "தம்பி, உங்களுக்கு மட்டும் தீர்த்தம் முன்னாலேயே கிடைச்சிட்டுது" என்றார். சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் அமத்தி மேலே இழுத்து, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் பனஞ்சிலாகைத் துண்டு இரண்டைச் செருகி நிறுத்தினேன். மழைக்கு அது சரி. ஆனால் என்னுடைய வானில் ஏசி வேலை செய்து எத்தனையோ வருடம். வெயில் எறித்தால் உள்ளே அவியும். பொலிஸ் மறித்தால் லைசன்ஸ் கொடுக்கக் கதவைத் திறந்து இறங்க வேண்டும். மூன்று நாள் அப்படி ஓடினேன், நாலாம் நாள் கதவைக் கழற்றினேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா ஹையேஸ், எல்எச் 113, 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின், 1995இல் செய்தது. இந்த உருவத்தை நாங்கள் டொல்பின் என்போம். இதற்கு முந்தியது ஷெல். யப்பானில் இந்த உருவம் 1989இல் வந்து 2004வரை ஓடியது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வானுக்கெல்லாம் பொன் விலை. விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஷட்டர் மெஷின் ஒன்றுக்காக இவ்வளவு மினக்கெட்டதற்குக் காரணமும் அதுதான்.

ஷட்டர் மெஷின் என்று நாங்கள் சொல்வது, கைபிடியைச் சுற்றினால் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கத்தரிக்கோல் மாதிரியான இரும்பு. புத்தகத்தில் விண்டோ ரெகுலேட்டர் என்று இருக்கும். கடையில் அப்படிக் கேட்டால் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

டோர் போர்டை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, கழற்றுவதில் ஒரேயொரு வித்தை, கைபிடி. அதில் திருகாணி கிடையாது. கைபிடிக்குப் பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது. பழைய சாரத் துணி ஒன்றைக் கைபிடிக்கும் போர்டுக்கும் நடுவில் விட்டு, சப்பாத்துத் துடைக்கிற மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் துணி கிளிப்பில் கொழுவி அதைத் தள்ளிவிடும். மற்றக் கையை மேலே பொத்திப் பிடியுங்கள். என்னுடையது பறந்து போய் மாட்டுக் கொட்டிலுக்குள் விழுந்தது, எடுக்க அரை மணித்தியாலம். கைதாங்கித் திருகாணிகள், உள்பிடியின் சட்டம், பிறகு ஓரத்துப் பிளாஸ்டிக் கிளிப்புகள். முப்பது வருடத்துக் கிளிப் உடையத்தான் செய்யும். பத்துப் பன்னிரண்டு முதலே வாங்கி வைத்தேன், ஏழு தேவைப்பட்டது.

போர்டுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டின பொலித்தீன். கழற்றுகிற பாதிப்பேர் இதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். எறிய வேண்டாம், கீழே வருகிறேன்.

கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, கதவுச் சட்டத்துக்கு மேலால் இரண்டு பக்கமும் போகிற மாதிரி அகலமான டேப் மூன்று ஒட்டினேன். கண்ணாடியின் அடிச்சட்டத்தில் இரண்டு போல்ட், மெஷின் தகட்டில் நாலு, குறுக்குக் கையைத் தாங்குகிற சின்னத் தண்டவாளத்தில் இரண்டு. எல்லாம் பத்தாம் நம்பர் ஸ்பானர். அந்தச் சின்னத் தண்டவாளத்தைத் தளர்த்த முன்னம் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். அதன் துளைகள் நீளத் துளைகள். கண்ணாடியின் சரிவை நேராக்குவது அங்கேதான். மெஷினின் இரும்புக் கையைக் கத்தரி மடிப்பது போல மடித்து, கதவின் கீழ்ப்பக்கப் பெரிய ஓட்டையால் மெஷினை இழுத்தெடுத்தேன். தகட்டு ஓரம் பிளேட் மாதிரி. நீளக்கைச் சட்டை போடுங்கள்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வருத்தம் என்னவென்று உடனே தெரிந்தது. அரைவட்டப் பற்சக்கரத்தின் ஒரு முனையில் ஆறு பல் மழுங்கித் தேய்ந்து கிடந்தது. நடுவிலும் மற்ற முனையிலும் பல் புதுசு மாதிரி. தேய்ந்த அந்த முனைதான் கண்ணாடி மேலே போய் முட்டுகிற கடைசி நாலு விரல் தூரம்.

ஏன் அந்த இடம் மட்டும்? கண்ணாடி ஓடுகிற பீடிங்கை, சட்டத்துக்குள் இருக்கிற ரப்பர் ஓடையை, தடவிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெல்வெட் எல்லாம் போய், ரப்பர் காய்ந்து கல்லாகி, மேல் மூலையில் சுருங்கிக் கண்ணாடியை நெரித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகக் கண்ணாடி கடைசியில் இறுகுகிறது என்று எனக்குத் தெரியும். நானும் கையைக் கொடுத்து முறுக்கி முறுக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் தானாகச் சாகவில்லை, நான்தான் கொன்றேன். புது மெஷினை இதே பீடிங்கோடு போட்டிருந்தால் அதையும் கொன்றிருப்பேன்.

ஊரில் வெல்டிங் வேலை செய்கிற அண்ணை, "பல்லுக்கு வெல்டிங் போட்டு அராவித் தாறன், பழசை விட உறுதியா இருக்கும்" என்றார். அவருடைய கையில் எனக்கு நம்பிக்கைதான். ஆனால் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடியின் பாரத்தைத் தாங்குகிற சுருள் வில் முறுகிய நிலையில் இருக்கிறது. அன்றைக்கு வானில் கண்ணாடி தடாரென்று விழாமல் மெல்ல இறங்கியதும் அந்த வில்லினால்தான். வில்லைக் கழற்றாமல் சூடு காட்டினால் வில்லின் பதம் போய்விடும். கழற்றப் போனாலோ அது துள்ளி விரலை உடைத்துவிடும். வேண்டாம் என்றேன்.

உடைந்த மெஷினை எறியவில்லை, அப்படியே ஒரு உரப்பைக்குள் வைத்தேன். இது எங்கள் அப்பாவின் பழக்கம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ஒரு சாமானும் வராது. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஏ40 கார் ஓடின காலம். ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அந்தக் காலத்து ஆட்கள் உடைந்ததை எறிவதில்லை. எங்கள் கொட்டிலுக்குள் எந்த வண்டியுடையது என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாத சாமான்கள் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் புதிய தாய்வான் மெஷின் காட்டினார்கள், 5,800 ரூபா. கையில் எடுத்தேன். தகடு மெல்லிசு, கத்தரியின் நடு ஆணியில் இப்போதே ஆட்டம். என்னுடைய உடைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாரமே வித்தியாசம். புதுச் சாமான் எல்லாம் கூடாது என்று சொல்ல வரவில்லை. பிரேக் சாமானைப் பழசில் வாங்குகிறவன் விசரன். ஆனால் இப்படிப்பட்ட மடக்கு இரும்பில், முப்பது வருடம் ஓடின கொம்பனி அசலுக்கு நான் கூட மதிப்புக் கொடுப்பேன்.

அதனால் பஞ்சிகாவத்தை. கொழும்பு 10, மருதானைப் பக்கம். வண்டிச் சாமான் எதுவென்றாலும் அங்கே ஒரு மூலையில் தொங்கும் என்பது நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். என்னுடைய மச்சான் ஒருவன் வெள்ளவத்தையில் இருக்கிறான். அவனுக்கு உடைந்த மெஷினைப் பேப்பரில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். "டொல்பின், எல்எச் 113, டிரைவர் பக்கம், கையால சுத்துறது. படத்தில இருக்கிற மாதிரியே வேணும்."

அவன் மூன்று கடை ஏறி இறங்கினான். ஒரு இடத்தில் மோட்டர் பூட்டின பவர் ஷட்டர் மெஷினைக் காட்டி, "இதைப் போடச் சொல்லுங்க தம்பி, வண்டிக்கு விலையும் கூடும்" என்றார்களாம். பவர் வந்தால் மோட்டர், வயர், சுவிட்ச், பியூஸ் என்று வால் நீளும். கைபிடி இருந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும். கதவுக்குள் தண்ணி வடிகிற வண்டிக்கு வயர் எதற்கு? வேண்டாம் என்றேன். கடைசியில் நாலாவது கடையில் கையால் சுற்றுகிறது ஒன்று இருந்தது. மச்சான் படம் அனுப்பினான். என்னுடைய படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். கை நீளம் சரி, வளைவு சரி, அரைவட்டம் இருக்கிற பக்கம் சரி. "எடு" என்றேன். 4,500 ரூபா. இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான், பார்சலுக்கு 500. விடிய ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் போய் எடுத்தேன்.

வீட்டில் கதவுக்குள் விட்டுப் பார்த்தால் கைபிடித் தண்டு வெளிப்பக்கத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

திருப்பிப் பிடித்தால் தண்டு உள்ளுக்கு வருகிறது, ஆனால் அரைவட்டம் எதிர்ப்பக்கம் போகிறது. அது இடப்பக்க மெஷின்.

நடந்தது இதுதான். இந்த மெஷின் தட்டையான சாமான். இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர். இடப்பக்கத்தைக் குப்புறப் போட்டால் அதன் வெளிக்கோடு வலப்பக்கத்தின் கோடாகவே தெரியும். நான் படம் எடுத்தபோது தண்டு மேலே பார்த்தது. கடைக்காரர் மேசையில் போட்டபோது தண்டு கீழே போய்விட்டது. நானும் மச்சானும் கோட்டை ஒப்பிட்டோமே தவிர, தண்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் இருக்கிற மாதிரி கேட்டோம், படத்தில் இருக்கிற மாதிரியே தந்தார்.

பழைய மெஷின் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்வேன்: தண்டின் பல் உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துப் படம் கேளுங்கள், உங்கள் படமும் அப்படியே இருக்கட்டும். ஸ்டிக்கரோ சீட்டோ ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. டொயோட்டாவின் பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்பதைச் சொல்லும், அடுத்த ஐந்து எந்த வண்டிக்கு என்பதை. முன் கதவு ரெகுலேட்டர் என்றால் வலதுக்கு 69801 அல்லது 69810, இடதுக்கு 69802 அல்லது 69820 என்று தொடங்கும். வெட்டின வண்டியிலிருந்து கழற்றின சாமானில் அநேகமாக இந்தச் சீட்டு இருக்காது. என்னுடையதிலும் இல்லை.

இரண்டாம் தரம் படத்தை நம்பவில்லை. அரிசிப் பெட்டி அட்டையில் என்னுடைய மெஷினை வைத்துக் கோடு கீறி வெட்டினேன். நாலு போல்ட் துளையையும் அட்டையில் குத்தினேன், தண்டு வருகிற இடத்தில் பெரிய ஓட்டை. அட்டையின் முகத்தில் 'உள்பக்கம்' என்று தடித்த எழுத்தில் எழுதினேன், பின்பக்கத்தில் 'இந்தப் பக்கம் பார்க்காதே' என்று. அட்டையும் கைபிடியும் பஸ்ஸில் கொழும்புக்குப் போயின. கைபிடி எதற்கென்றால், அது இல்லாமல் கடையில் மெஷினைச் சுற்றிப் பார்க்க முடியாது. கடைக்காரர் ஒவ்வொருவரும் "டொல்பினுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றுதான் சொல்வார்கள். இருக்கலாம். அட்டையில் நாலு துளையும் பொருந்தினால் ஒன்று, பொருந்தாவிட்டால் வேறு. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

மச்சானைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே சோதிக்க வைத்தேன். முதலில் பல். அரைவட்டத்தின் இரண்டு முனையையும் கிறீஸைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். கிறீஸ் அப்பின பல் எல்லாம் நல்ல பல்லாகத்தான் தெரியும். பிறகு கத்தரியின் நடு ஆணியைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் முக்கியமான சோதனை. கைபிடித் தண்டுக்கு உள்ளே ஒரு சின்னச் சுருள் பிரேக் இருக்கிறது. கைபிடியால் சுற்றினால் விடும், கண்ணாடிப் பக்கத்திலிருந்து அமத்தினால் பிடிக்கும். அது இல்லையென்றால் கிடங்கில் விழுகிற ஒவ்வொரு தரமும் கண்ணாடி ஒரு விரல் இறங்கும். அதனால் மெஷினைப் பாதி உயரத்துக்குச் சுற்றி வைத்து, கைபிடியைத் தொடாமல் நீளக் கையை இரண்டு பக்கமும் அமத்திப் பார்க்க வேண்டும்.

"அமத்துறன் அத்தான், அசையுதில்லை."

"கைபிடி சுத்துதா?"

"இல்லை. இந்தக் கடைக்கார நானா என்னை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

"பாக்கட்டும். நல்லா அமத்து."

அன்றைக்கு இரண்டு வலப்பக்க மெஷின் கிடைத்தது. ஒன்றில் அமத்த அமத்தக் கைபிடி தானாகச் சுற்றியது. விலை குறைவு, விட்டுவிட்டோம். மற்றதில் பிரேக் நல்லது, பல் நல்லது, ஒரு நைலோன் உருளை மட்டும் பாதி உடைந்திருந்தது. 5,500 சொன்னார், உருளையைக் காட்டி 5,000 ஆக்கினான் மச்சான். இடப்பக்க மெஷினைத் திருப்பி எடுப்பீர்களா என்று அதை வாங்கின கடையில் கேட்டதற்கு 1,500 குறைத்துத்தான் எடுப்போம் என்றார்கள். பஸ் காசும் போனால் மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. இடப்பக்கம் என்னோடேயே இருக்கட்டும் என்றேன்.

உருளை இடது வலது பார்க்காது. இடப்பக்க மெஷினில் இருந்த நல்ல உருளை ஒன்றைச் சுடுதண்ணிக்குள் கொஞ்ச நேரம் வைத்து இளக்கி, இரண்டு ஸ்குறூ டிறைவரால் கிளப்பி, வலப்பக்கத்தின் குண்டு முனையில் வைத்து அமத்தினேன். 'கிளிக்' என்று இருந்துகொண்டது. என்னுடைய உடைந்த மெஷினில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் உருளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன.

பூட்ட முன்னம் மெஷினை டீசலில் கழுவிக் காய வைத்து, பல்லுக்கும் தண்டவாளத்துக்கும் மட்டும் கிறீஸ் பூசினேன். பீடிங்குக்குக் கிறீஸோ எண்ணெயோ போடவே கூடாது, ரப்பர் ஊதி இன்னும் நெரிக்கும். அதற்கு சிலிக்கோன் ஸ்பிரே. ஆனால் என்னுடைய பீடிங் ஸ்பிரேக்கெல்லாம் மசியிற நிலையைத் தாண்டிவிட்டது. புதிய பீடிங் மீட்டர் கணக்கில் வாங்கினேன். மேல் மூலைகளில் வளைக்கிறபோது மடியாமல் உள்பக்க உதட்டைக் கொஞ்சம் கீறிவிட வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த முழு வேலையிலும் கூட நேரம் எடுத்தது பீடிங்தான். மெஷின் பூட்ட நாற்பது நிமிடம், பீடிங்குக்கு ஒரு பின்னேரம் முழுக்க.

போல்ட் எல்லாவற்றையும் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, கண்ணாடியை மேலே ஏற்றி, சட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தேன். பின்மூலை அரை விரல் பதிந்திருந்தது. பேனாக் கோட்டிலிருந்து சின்னத் தண்டவாளத்தைக் கொஞ்சம் மேலே தள்ள நேரானது. வேறு வண்டி மெஷின் என்பதால் பழைய கோடு அப்படியே பொருந்தாது. கோடு ஒரு தொடக்கம் மட்டுந்தான். கண்ணாடி மேலே நிற்கும்போது போல்ட்டை இறுக்கினேன். கீழே வைத்து இறுக்கினால் மேலே வரும்போது திரும்பச் சரியும். இப்போது மேலிருந்து கீழே ஒரு விரலால் சுற்றலாம்.

அந்தப் பொலித்தீன். கண்ணாடியில் வழிகிற மழைத்தண்ணி வெளி ரப்பருக்கு உள்ளால் கதவுக்குள் எப்படியும் இறங்கும். அது அடியிலுள்ள ஓட்டைகளால் வெளியே போக வேண்டும். பொலித்தீன் இல்லாவிட்டால் தண்ணி டோர் போர்டில் ஊறி, போர்ட் உப்பி, கிளிப் கழன்று, கடைசியில் காலடிக்கு வரும். என்னுடையதில் அடியோட்டை இரண்டும் மண்ணும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தன. சைக்கிள் கம்பியால் குத்திவிட்டதும் கறுப்புத் தண்ணி அரைப் போத்தல் வந்தது. தீவுப் பக்கம் ஓடுகிற வண்டிக்குக் கதவின் அடி முதலில் போவது இதனால்தான். துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்து, பழைய பொலித்தீனையே பழைய பசையில் கையால் அமத்தி ஒட்டினேன். பசை இன்னும் ஒட்டுகிறது, யப்பான்காரனின் பசை.

செலவு: வலப்பக்க மெஷின் 5,000, தேவையில்லாத இடப்பக்கம் 4,500, மூன்று பார்சல் 1,500, பீடிங்கும் கிளிப்பும் 3,200. தாய்வான் மெஷினைவிடக் கூடத்தான். மனைவி அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கல்குலேட்டரை மட்டும் மேசையில் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

போன கிழமை திரும்பக் குறிகட்டுவான் ஓட்டம். பாலத்தில் நல்ல மழை, என்னுடைய பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை. இடப்பக்கத்தில் இருந்த பெடியன் கண்ணாடியை ஏற்றினான். கடைசி நாலு விரலில் இறுகி 'கிறீச்' என்றது.

"முறுக்காதை, விடு" என்று கத்தினேன். பெடியன் பயந்து கையை எடுத்துவிட்டான்.

இடப்பக்கப் பீடிங்குக்கு இன்றைக்குச் சொல்லியிருக்கிறேன். கொட்டிலில் இடப்பக்க மெஷின் இருக்கிறது, அதற்கு உருளை ஒன்று குறைகிறது.